பாலம் தூக்கிய சனிக்கிழமை

காரின் நான்கு கதவுகளும் ஒரே சமயத்தில் டக்கென்று பூட்டிக்கொள்ளும் சத்தம். சிகாகோ என்றதும் எனக்கு நினைவு வருவது அதுதான். கொல்கத்தா நியூ டவுனில் இருக்கும் எங்கள் அலுவலகம் பயிற்சிக்காக என்னை அந்த ஊருக்கு அனுப்பியிருந்தது. தங்கை ஹோட்டலில் தங்கக் கூடாது என்று அண்ணா பிடிவாதமாகத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டான். அந்தச் சனிக்கிழமை ஊரைச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. அண்ணா ஓட்ட, நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் மன்னி. வண்டி நகர்ந்ததும் கதவுகள் பூட்டிக்கொண்டன. திரும்பிப் பார்த்தேன். மன்னி சுற்றிப் பார்க்கக் கிளம்பியவள் மாதிரியே இல்லை. மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகப்படுகிறவளைப்போல உட்கார்ந்திருந்தாள்.

நான் அறிந்த மன்னி அவள் அல்ல. மன்னி கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மூன்று தலைமுறையாகக் கொல்கத்தாவில் இருக்கும் குடும்பம். தமிழைவிட வங்காளம்தான் அவள் வாயில் வேகமாக வரும். கோபம் வந்தால் வங்காளம் மட்டுமே வரும். கல்யாணத்துக்கு முன்பே தெற்குக் கொல்கத்தாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமானதும் அண்ணா முதலில் கிளம்பிப்போனான். விசா வரும்வரை மன்னி லேக் கார்டன்ஸ் வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். அந்த மாதங்களில் அவளோடு நான் சுற்றாத தெரு கிடையாது. பிறந்து வளர்ந்த ஊரில் எனக்குத் தெரியாத பஸ்கள் அவளுக்குத் தெரிந்திருந்தன. வழி தவறிவிட்டால் சந்தோஷப்படுகிற ஒரே மனுஷி அவள்தான். "தொலைஞ்சு போனாத்தான் ஊர் தெரியும்" என்பாள். அந்த மன்னியைத்தான் ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணாவின் வீட்டில் தேடிக்கொண்டிருந்தேன்.

அண்ணா கெட்டவன் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். பாத்திரம் தேய்ப்பான், துணி மடிப்பான், மன்னிக்குத் தலைவலி என்றால் தானே ரசம் வைப்பான். அமெரிக்காவுக்குப் போன முதல் குளிர்காலத்தில், ஒரு ரயில் நிலையத்தின் வாசலில் யாரோ அவன் நெற்றியில் துப்பாக்கியை வைத்துக் கைபேசியையும் பையையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். காயம் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு உள்ளே போன பயம் வெளியே வரவேயில்லை. மன்னி வந்து சேர்ந்ததும் அந்தப் பயம் அவள்மேல் படர்ந்தது. ரயில் வேண்டாம், பஸ் வேண்டாம், தனியாக எங்கேயும் வேண்டாம். அவளுடைய விசாவில் வேலைக்குப் போகவும் வழியில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்பதை அண்ணாவின் கைபேசி எந்நேரமும் ஒரு நீலப் புள்ளியாகக் காட்டிக்கொண்டிருக்கும். புள்ளி கொஞ்சம் நகர்ந்தால் போன் வரும். "எங்க இருக்கே? ஒண்ணுமில்லையே?" குரலில் அதிகாரம் இருக்காது, கவலைதான் இருக்கும். அதனாலேயே அவளால் சண்டை போட முடியவில்லை.

அவர்கள் குடியிருந்தது நகரத்துக்கு வெளியே ஒரு குடியிருப்பில். ஜன்னலில் நின்றால் எதிரே அகலமான சாலையும் அதற்கு அப்பால் ஒரு மளிகைக் கடையும் தெரியும். சாலையில் நடைபாதை கிடையாது. எதிரே தெரியும் கடைக்குப் போகக்கூடக் கார் வேண்டும். மன்னி ஓட்டக் கற்றுக்கொள்வது ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிற்று. காலையில் நான் அலுவலகம் கிளம்பும்போது அந்த ஜன்னலில் நிற்பாள். சாயங்காலம் திரும்பும்போதும் அங்கேயே நிற்பாள். நடுவில் என்ன செய்தாய் என்று ஒருநாள் கேட்டேன். "சிகாகோ மேப் பாத்திண்டிருந்தேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை முதலில் பில்சன் போனோம். மெக்சிகோக்காரர்கள் வாழும் பேட்டை. சுவர்களிலெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் சித்திரங்கள். ஒரு சுவரில் சோளக்கதிர்களுக்கு நடுவே ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் நிறுத்துங்கோளேன், இறங்கிப் பாக்கலாம்" என்றாள் மன்னி. "இங்க பார்க்கிங் கிடைக்காது" என்றான் அண்ணா. அடுத்தது சைனா டவுன். சிவப்புத் தோரணவாயில் கண்ணாடிக்கு வெளியே ஒரு நிமிஷம் நின்று பின்னால் போயிற்று. "பாத்தாச்சா?" என்று கேட்டான். ஏரிக்கரையில் வேகத்தைக் குறைத்தான். எங்கள் வீட்டுப்பக்கம் இருக்கும் ரவீந்திர சரோபர் குளத்தை லேக் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே அக்கரையே இல்லாத தண்ணீர், கடல்மாதிரி அலை அடித்தது. கண்ணாடியை இறக்கப் போனேன். "குளிர்க் காத்து, வேண்டாம்" என்றான். வண்டிக்குள் வெந்நீர் அறைபோல வெக்கையாக இருந்தது. மன்னி ஒவ்வொரு தெருவின் பெயர்ப் பலகையையும் உதடு அசையப் படித்துக்கொண்டு வந்தாள். எனக்கே மூச்சு முட்டிற்று.

நகரத்தின் நடுவில் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் மணி அடித்தது. குறுக்குக் கம்பம் இறங்கிற்று. எங்களுக்கு முன்னால் இரண்டே வண்டிகள்தான் இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாலை நடுவில் பிளந்து, இரண்டு பாதியும் கோடுகளும் விளக்குக் கம்பங்களுமாக வானத்தைப் பார்த்து எழுந்தன. குளிர்காலம் முழுக்க ஒதுக்கி வைத்திருந்த பாய்மரப் படகுகள் வசந்தத்தில் ஏரிக்குத் திரும்பும் நாட்களாம். பக்கத்து வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கிப் படம் எடுக்க ஓடினார்கள்.

"எங்க கித்திர்ப்பூர் பிரிட்ஜ்!" என்றாள் மன்னி. அன்று காலையிலிருந்து அவள் குரலில் உயிர் வந்தது அப்போதுதான். கார்டன் ரீச்சுக்குப் போகிற வழியில், கப்பல் வரும்போதெல்லாம் அந்தத் துறைமுகப் பாலம் திறந்துகொள்ளும். ஸ்கூல் பஸ் நிற்கும். பிள்ளைகள் எல்லாம் குதித்து இறங்கி வேடிக்கை பார்க்கும். "கதவைத் திறங்கோ. நான் பாக்கணும்."

"இங்கேருந்தே நன்னாத் தெரியறதே."

"திறங்கோ."

"குளிர்றதும்மா. ஸ்வெட்டர்கூட..."

"கதவைத் திறங்கோன்னா!"

அந்தக் குரலை அண்ணா அதற்குமுன் கேட்டிருக்க மாட்டான். பொத்தானை அழுத்தினான். மன்னி இறங்கினாள். நானும் இறங்கினேன். கம்பத்தருகே நின்று படகுகள் ஒவ்வொன்றாகக் கடப்பதைப் பார்த்தோம். காற்று காதை அறுத்தது. மன்னி வாயைத் திறந்து அந்தக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

பாலம் இறங்கிச் சேர்ந்துகொண்டது. கம்பம் எழுந்தது. "போதும், ரெண்டு பேரும் வாங்கோ" என்று அண்ணா கூப்பிட்டான். மன்னி திரும்பவில்லை. எல்லோரும் நடக்கும் பாலத்தில் அவளும் நடந்தாள். பின்னால் ஹாரன்கள் அலறின. அண்ணாவால் அங்கே நிற்கவும் முடியாது. நான் அவனுக்குக் கையைக் காட்டிவிட்டு மன்னியின் பின்னால் ஓடினேன். அவனுடைய கார் எங்களைத் தாண்டிப் போயிற்று. கண்ணாடிக்குள் அவன் முகத்தைப் பார்த்தேன். துப்பாக்கி வைத்த அன்றைக்கும் அந்த முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

"எங்க போறோம், மன்னி?"

"சலோ தோ" என்றாள். போலாம் வா.

அவள் ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. ஆற்றோரமாக நடந்து, ஒரு தெருவில் திரும்பி, உயரத்தில் ரயில் ஓடும் ஒரு நிலையத்தின் படியேறினாள். என்னைச் சீட்டு வாங்கச் சொன்னாள். ஒரு வண்டி மாறினோம். எந்த நடைமேடை, எந்தப் பக்கக் கதவு என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆறு வருஷம் ஜன்னலோரத்தில் நின்று மேப்பிலேயே போய்வந்த ஊர். அன்றைக்குத்தான் கால் பட்டது. கைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் தோள் துள்ளி அடங்கிற்று. எடுக்கவுமில்லை, அணைக்கவுமில்லை. என்னுடையது அடித்தபோது நான் எடுத்து, "நன்னா இருக்கோம் அண்ணா, நானே கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்தேன்.

பில்சனில் இறங்கி அந்தச் சுவரைத் தேடிக் கண்டுபிடித்தோம். மன்னி சித்திரத்தின் அருகே போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சோறும் காராமணி மாதிரி ஒரு பயறும் வாங்கிச் சாப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில் நிறுத்தி, "நான் திரும்பிப் போயிடுவேன்" என்றாள். கொல்கத்தாவுக்கா, அந்த ஜன்னலுக்கா என்று புரியாமல் பார்த்தேன். "இன்னிக்கு அங்க. அப்புறம் நம்ம ஊருக்கு" என்றாள். அதற்கப்புறம் தானே அண்ணாவைக் கூப்பிட்டுக் கடையின் பெயரைச் சொன்னாள்.

அவன் வண்டியைக்கூட அணைக்காமல் உள்ளே வந்தான். அவளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டான். "இவளுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

மன்னிதான் பதில் சொன்னாள். "எனக்கு எப்பவோ ஆயிடுத்து. நீங்கதான் பாக்கலை."

நான் கொல்கத்தா வந்து சேர்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அண்ணா ஊரெல்லாம் சுத்திக் காமிச்சானா?" என்பது. காமிச்சான் என்றேன்.

அந்த வருஷம் துர்கா பூஜைக்கு மன்னி வந்தாள். பூஜை முடிந்து பந்தல்களைப் பிரித்தார்கள். அவள் கிளம்பவில்லை. எங்கள் வீட்டில் இடி விழுந்தது. "அடிச்சானா? குடிச்சானா? இன்னொருத்தி இருக்காளா?" அம்மா விரல் மடக்கிக் கேட்டாள். எதுவும் இல்லை. "அப்புறம் என்னதான் குறை?" அதற்கு ஒரு பெயர் இருந்திருந்தால் மன்னி சொல்லியிருப்பாள். நானும் கூட இருந்தவள் என்பதால் ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள். அந்த ஊரில் கார் ஜன்னலைக்கூட இறக்க முடியவில்லை என்றேன். குளிர் தேசத்தில் பின்னே எப்படி இறக்குவார்கள் என்றார் சித்தப்பா. அண்ணா என்னோடு பேசுவதை ரொம்ப நாள் நிறுத்தியிருந்தான்.

மன்னி இப்போது நியூ டவுனில் ஒரு சின்ன வாடகை ஃப்ளாட்டில் இருக்கிறாள். பக்கத்துப் பள்ளியில் மறுபடியும் பூகோளம். சந்தோஷமாக இருக்கிறாளா என்று நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தாரின் கேள்விகள் உண்டு, தனியாகச் சாப்பிடும் ராத்திரிகளும் உண்டு. விவாகரத்து என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா போன் செய்வான், பேசுவாள்.

போன ஞாயிறு அவன் கூப்பிட்டபோது நான் அங்கே இருந்தேன். மன்னி பள்ளிக்கூடப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். அண்ணாவுக்கு அங்கே வேலை போய்விட்டது. ஊருக்கே வந்துவிடப்போகிறான். சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டான். "நான் அங்கேயே வந்து இருக்கலாமா?"

மன்னி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வாங்கோ. ஆனா நான் எங்க போறேன், எப்ப வருவேன்னு கேக்கக் கூடாது. தோணினா நானே சொல்வேன்."

"சொல்லாமப் போனா எனக்குப் பயமா இருக்குமே."

"இருக்கட்டும். அது உங்க பயம். நீங்கதான் வெச்சுக்கணும். என்கிட்டக் குடுக்காதீங்கோ."

அண்ணா, கொல்கத்தாவில் இப்போது குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"சுமாரா இருக்கு. ஒரு ஸ்வெட்டர் போதும்" என்றாள் மன்னி.