தண்ணீர் அவங்களுது சார்

பயிற்சியின் முதல் நாள் காலையிலேயே எங்கள் எல்லோரையும் கைப்பேசியை எடுக்கச் சொன்னார்கள். கல்லூரிக் கருத்தரங்க அறையில் ஆய்வு மாணவர்கள் இருபது பேர் இருந்தோம். ஆய்வாளர்கள் தங்கள் அறிவியலைப் பொதுமக்களிடம் எப்படிச் சொல்வது என்று கற்றுத்தரும் மூன்று நாள் பயிற்சி அது. நடத்த வந்த பெண் வானொலியில் சில வருடம் வேலை பார்த்தவர். வயது கிட்டத்தட்ட என் வயதுதான். கையில் ஒரு தாள்கூட இல்லாமல் வந்திருந்தார்.

"வீட்டுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நீங்க என்ன ஆராய்ச்சி பண்றீங்கன்னு சொல்லுங்க. புரிஞ்சுதான்னு அவங்ககிட்டயே கேட்டுடுவோம்" என்றார்.

எனக்கு முன்னால் பேசியவர் கத்தரிக்காயைத் துளைக்கும் புழுவை ஆராய்கிறவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அவருடைய அம்மா, "அது சரி, மருந்தடிக்கணுமா வேணாமா, அதச் சொல்லு" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்தது என் முறை.

எப்போதும் அம்மாதான் எடுப்பார். அன்றைக்கு அத்தா எடுத்தார். எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அத்தாவுக்குத் திண்டுக்கல்லில் தோல் மண்டி. ஆட்டுத் தோலை வாங்கி, உப்புத் தடவி அடுக்கி, பதனிடும் ஆலைகளுக்கு அனுப்புகிற வியாபாரம். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சோறு, என் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். என் ஆராய்ச்சி, ஊருக்கு வெளியே சமவெளிக் கிராமங்களின் கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் எவ்வளவு உப்பு இருக்கிறது, தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. மூன்று வருடமாக வீட்டில் "தண்ணி ஆராய்ச்சி" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

"என்னம்மா, இந்நேரத்துல?" என்றார் அத்தா.

வைத்துவிடலாமா என்று நினைத்தேன். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட, ஒளிந்து ஒளிந்து எனக்கே சலித்துப் போயிருந்தது. சொன்னேன். எந்தப் பக்கத்துக் கிணறுகள், எதைத் தேடுகிறேன், அந்த உலோகத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடத்தில் என் ஆராய்ச்சியை முதன்முதலாகத் தெளிவான தமிழில் சொன்னது அப்போதுதான்.

அத்தா முழுதும் கேட்டார்.

"யார் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு இதப் படிச்ச?" என்றார். போன் துண்டிக்கப்பட்டது.

யாரும் சிரிக்கவில்லை. பயிற்சி நடத்தியவர் என் பக்கம் வந்து, "அவருக்கு நல்லாப் புரிஞ்சிருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை.

அன்று மாலை அடுத்த நாளுக்கான வேலையைக் கொடுத்தார். யாரிடமிருந்து தகவலோ மண்ணோ தண்ணீரோ எடுத்தோமோ, அவர்களைப் போய்ப் பார்த்து, என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். படம் காட்டக் கூடாது, தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது. "ஒரு கதையோட ஆரம்பிங்க, சிரிச்ச முகமா இருங்க" என்றார். சிரித்த முகமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்று நான் எழுந்து சொன்னேன். அவர் யோசித்தார். "அப்பன்னா தெரிஞ்சதத் தெரியும்னு சொல்லுங்க. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுங்க. அது போதும்" என்றார். அவர் சொன்ன எத்தனையோ விஷயங்கள் மறந்துவிட்டன. இது மட்டும் நிற்கிறது.

என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் அனுமதி கேட்கப் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆய்வகத்தில் கருவி பழுதானால் தன் கைக்காசைப் போட்டுச் சரி செய்கிறவர். ஆனால் பயந்தவர்.

"ஆராய்ச்சிப் பேப்பர் இன்னும் வெளிவரலம்மா. அதுக்குள்ள ஊருக்குள்ள போய்ச் சொன்னா யாராவது கேஸ் போடுவாங்க. அடுத்த தடவ சாம்பிள் எடுக்கவே விட மாட்டாங்க. பேப்பர் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"பேப்பர் வர ரெண்டு வருஷம் ஆகலாம் சார். அவங்க தினம் குடிக்கிறாங்க."

"அது நம்ம டேட்டாம்மா."

"டேட்டா நம்மளுது. தண்ணீர் அவங்களுது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்" என்றார். அதற்குப் போகாதே என்றுதான் அர்த்தம். அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை திண்டுக்கல் நாகல் நகரில் பஸ் ஏறினேன். முந்தைய இரவு வீட்டுக்குப் போனபோது அத்தா என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் என் பையில் இட்லிப் பொட்டலத்தை வைத்துவிட்டு, "எங்க போறேன்னு எங்கிட்டச் சொல்லாத" என்றார்.

நான் போன கிராமத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அக்காவின் கிணற்றில்தான் எனக்கு மிக மோசமான முடிவு கிடைத்திருந்தது. குரோமியம் அளவுக்குள் இருந்தது, உப்புதான் அளவை மிகவும் மீறியிருந்தது. மூன்று வருடமாக மழைக்கு முன்னும் பின்னும் அவருடைய கிணற்றில் தண்ணீர் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொய்யாப்பழமோ மோரோ கொடுத்துத்தான் அனுப்புவார். ஒவ்வொரு தடவையும் "என்ன வந்துச்சு?" என்று கேட்பார். "இன்னும் பாத்துக்கிட்டிருக்கோம்க்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

காலைப் பூவைப் பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டு அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, பாட்டிலக் காணோம்?"

"இன்னிக்குத் தண்ணி எடுக்க வரலக்கா. சொல்ல வந்திருக்கேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வரப்பில் நின்றபடி பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எல்லாரும் வாங்கடி! தண்ணிக்காரப் புள்ள வாயத் தொறக்குதாம்!"

எட்டொன்பது பெண்கள் வந்தார்கள். இரண்டு ஆண்களும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்கள். நான் நிலத்தடி நீர் எப்படி ஊறுகிறது என்று ஆரம்பித்தேன். ஒரு பெண் கையை நீட்டி நிறுத்தினார்.

"ஊறுறது இருக்கட்டும். குடிக்கலாமா, கூடாதா?"

"இந்தக் கிணத்துத் தண்ணியக் குடிக்கக் கூடாது. சோறு வெஞ்சனம் சமைக்கவும் வேணாம்."

அவ்வளவுதான். மூன்று வருட வேலை இரண்டே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் கேள்விகள் விழுந்துகொண்டே இருந்தன.

"கொதிக்க வச்சா?"

"கொதிக்க வச்சா கிருமி சாகும். உப்பு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட உப்பு கெட்டியாத்தான் ஆகும்."

"மேக்கால இருக்கிற போரு?"

"அது பரவாயில்ல. நான் கடைசியா பாத்தப்போ அளவுக்குள்ளதான் இருந்துச்சு."

"மாட்டுக்குக் காட்டலாமா?"

"தெரியலக்கா. கேட்டுச் சொல்றேன்."

அப்படிச் சொல்லும்போது வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கேட்ட பெண்ணே, "அப்பச் சரி, கேட்டுட்டு வா" என்று தலையாட்டினார். கடைசியில் மல்லிகை அக்கா கேட்டார்.

"என் செடி ஓரமெல்லாம் கருகுதே, இதனாலயா?"

"உப்புனால இருக்கலாம். இதுதான்னு அடிச்சுச் சொல்ல மண்ணையும் பாக்கணும்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

அவர் என் முகத்துக்கு நேராகப் பார்த்தார். "ரெண்டு வருஷமா எம்பேத்திக்கு இதுலதான் கஞ்சி காச்சுறேன். நீ எங்கிட்ட மோரு வாங்கிக் குடிச்சிட்டுப் போயிருக்க."

பேப்பர், வழிகாட்டி, அனுமதி என்று அடுக்கியிருக்கலாம். "தப்புதாங்க்கா" என்றேன்.

அப்போது தள்ளி நின்ற ஆண்களில் ஒருவர் கேட்டார். "நீங்க தோல்காரங்க வீட்டுப் புள்ளதான? யாரால வந்துச்சுன்னு சொல்லுவீங்களா?"

"ஆமா, எங்க அத்தா தோல் மண்டிதான் வச்சிருக்காரு. அத மறைக்க நான் வரல. தண்ணியில என்ன இருக்குன்னு நான் அளந்திருக்கேன். எங்கருந்து வந்துச்சுன்னு நான் இன்னும் அளக்கல. பாறையிலருந்தும் உப்பு வரும், மழை இல்லாட்டியும் ஏறும், ஆலைக் கழிவுலயும் வரும். எது எவ்வளவுன்னு தெரியாம ஒருத்தரக் கை காட்ட மாட்டேன். தெரிஞ்சா அதையும் வந்து சொல்லுவேன். அது யாரா இருந்தாலும்."

அவர் திருப்திப்பட்ட மாதிரி தெரியவில்லை. நான் அவரைத் திருப்திப்படுத்தப் போகவும் இல்லை.

மல்லிகை அக்கா உள்ளே போய்ப் பேத்தியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தார். "சொன்னத எழுதிக் குடு. கையெழுத்துப் போடு. வாயால சொன்னா நாளைக்கு நான் யார்கிட்டக் காட்ட?"

பயிற்சியில் யாரும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. அந்தத் தாளில் கிணற்றின் அளவுகளை எழுதி, குடிக்கத் தகுந்தது அல்ல என்று தமிழில் எழுதி, என் பெயரை முழுதாகப் போட்டேன். எழுத்து தெளிவாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அந்தத் தாளோடு அந்தப் பெண்கள் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து என் வழிகாட்டிக்குப் போன் வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, தாளின் நகலை மேசைமேல் வைத்தார்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமா சார்."

"வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரு கடிதம் எழுதிக் கொடு. கவனக்குறைவுன்னு சொல்லிடலாம்."

"எண்ணு தப்பா சார்?"

"எண்ணு சரி."

"அப்ப எதுக்கு வாபஸ்?"

நான் கடிதம் கொடுக்கவில்லை. அவர் என் அரையாண்டு அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. அது இல்லாததால் மாதக்கணக்கில் உதவித்தொகை நின்றது. நகரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் வேதியியல் எடுத்துச் சமாளித்தேன். மாட்டுக் கேள்விக்கு ஒரு கால்நடை மருத்துவரிடம் பதில் வாங்கிப் போய்ச் சொன்னேன். பஸ் கட்டணம் என் கையிலிருந்து. யாரையும் அனுமதி கேட்கவில்லை.

அதிகாரிகள் வந்து தாங்களே தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். நான் எழுதியதை ஒட்டியே வந்தது. கிணற்றில் குடிக்கத் தகாதது என்று எழுதி வைத்தார்கள். சில மாதம் கழித்து அந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது. இரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். ஆனாலும் வருகிறது. மல்லிகைச் செடிகளின் ஓரம் இன்னும் கருகிக்கொண்டுதான் இருக்கிறது. மண்ணைப் பார்த்துவிட்டேன், உப்புதான். அதையும் சொல்லிவிட்டேன். உப்பு எங்கிருந்து வருகிறது என்ற வேலை இப்போது நடக்கிறது.

அறிக்கையில் வழிகாட்டி ஒருநாள் தானாகவே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பட்டம் ஒரு வருடம் தாமதமாக வந்தது.

அத்தா இன்னும் சமாதானமாகவில்லை. பேசுகிறார், சாப்பிட்டியா என்று கேட்கிறார். ஒருமுறை மட்டும் மனம் திறந்தார். "நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல. அத நீ சொன்னதுதான் தப்பு." இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளை சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா என்று கேட்டேன். மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது அதே பயிற்சியில் ஒரு நாளை நான் நடத்துகிறேன். கதை சொல்லவோ சிரித்த முகமாக இருக்கவோ நான் சொல்லிக் கொடுப்பதில்லை. புரிகிற தமிழில் முடிவை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, யாரிடம் எடுத்தோமோ அவர்களிடம் போய்க் கொடுக்க வேண்டும். அதுதான் என் பாடம். பாதிப் பேருக்குப் பேனா ஓடாது. ஓடும்வரை உட்கார வைக்கிறேன்.

இந்த வருடப் பயிற்சிக்கு முன்னால் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஆய்வு முடிவுகளைக் கிராம மக்களுடன் பகிர மாட்டோம் என்று ஒரு வரி அதில் இருந்தது. அந்த வரியைக் குறுக்கே அடித்தேன். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். கீழே முழுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இதுவரை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பினால் மறுபடி அடிப்பேன்.