அழிக்காமல் வைத்திருந்தவர்

தாராவியில் கல்யாண வீடியோக்களை மாற்றிக் கொடுக்கும் அந்த அண்ணாச்சியின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. கம்ப்யூட்டர் ஓடும்போது, காய்ச்சல் பார்ப்பதுபோல அதன்மேல் உள்ளங்கையை வைத்திருப்பார்.

அக்கா கல்யாணத்தை இரவல் கேமராவில் நான்தான் எடுத்தேன். அந்தப் பெரிய ஃபைல்கள் என் பழைய லேப்டாப்பில் திக்கித் திக்கி ஓடின. அண்ணாச்சி எல்லாவற்றையும் சின்ன காப்பிகளாக மாற்றித் தந்தார். அவை சரளமாக ஓடிய சந்தோஷத்தில், மெமரி கார்டில் இருந்த ஒரிஜினலை அழித்துவிட்டுக் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்; எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு.

வெட்டி ஒட்டி முடித்து டிவியில் போட்டால், அக்கா முகம் கட்டம் கட்டமாகக் கலங்கித் தெரிந்தது. அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"ஒரிஜினல அழிச்சிட்டீரோ?" என்றார். தலையாட்டினேன்.

"சின்னது வெட்டிப் பாக்கதுக்கு மட்டுந்தாம்வே. கடைசில வெட்டுனத பெருசோட சேக்கணும்லா?" சிரித்துக்கொண்டே டிராயரிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்தார். "புதுசா பண்ணுதவன் பூரா அழிச்சிட்டுத்தான் வாரான். அதான் ஒரிஜினல ஒரு மாசம் நானே வச்சிருப்பேன். டென்ஷன் ஆவாதேயும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்காதவர்போல மவுஸை நகர்த்தினார்.

"பந்திக்குப் பின்னால உங்கம்மா தனியா நின்னு சிரிக்காவ. அத மட்டும் வெட்டிராதேயும்."

அந்த இடத்தை நான் ஏற்கெனவே வெட்டியிருந்தேன். அன்றைக்கே திரும்பச் சேர்த்தேன்.

அம்மாவை அவர் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. அத்தனை கூட்டத்தில் எப்படி அடையாளம் கண்டார் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.