நடு அறை உத்திரம்

லஸ் லைனில் டிராம் ஓட்டிய கரீமுல்லாவை மயிலாப்பூர் ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். வளைவில் மற்றவர்கள் வண்டியைக் குலுக்கி எடுப்பார்கள். கரீமுல்லா ஓட்டினால் மடியில் வைத்த பால் சொம்பு தளும்பாது. எதற்கும் பதறாத மனிதர்.

மந்தைவெளியில் அவர் இருந்த வீடு மாமனார் கட்டியது. மூன்று பர்மா தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல், சுண்ணாம்புத் தளம். ஒழுகியபோதெல்லாம் மாமனார் பழைய தளத்தின் மேலேயே இன்னொரு தளம் போட்டார். அவர் காலத்துக்குப் பிறகு கரீமுல்லாவும் அப்படியே செய்தார். மாடிக்குப் போனால் கைப்பிடிச் சுவர் வருஷா வருஷம் குட்டையாகிக்கொண்டு வந்தது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம், நடு அறைத் தரையில் மஞ்சள் தூள் விழ ஆரம்பித்தது. அவர் மனைவி வஜீஹா பெருக்கித் தள்ளுவாள். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே தூள்.

"ஏங்க, உத்திரத்த ஏதோ தின்னுக்கினு கீது. காத வெச்சுக் கேளுங்க."

ஏணி வைத்து ஏறிக் காதை ஒட்டினார். உள்ளே மெல்லிய நறநறப்பு. யாரோ பல்லைக் கடிப்பதுபோல் இருந்தது. இறங்கி வந்து, "எலிதான்" என்றார்.

ஆனாலும் கொத்தனார் கபாலியைக் கூட்டி வந்தார். கபாலி மூன்று உத்திரங்களையும் தட்டிப் பார்த்தான்.

"ரெண்டு கல்லு மாரி கீது பாய். நடுவுலது மட்டும் செவுத்துக்குள்ள போற எடத்துல கொஞ்சம் பொக்குனு கேக்குது. முழுசாப் பிரிச்சா வானத்தப் பாத்துக்கினுதான் கெடக்கணும். புது மரத்துக்கு எங்க போறது? ரங்கூன்தான் சப்பான்காரன் கையில கீதே. மேல ஒரு தளம் போட்டுக்குடுக்கிறேன், மழை இறங்காது."

வஜீஹா கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "பிரிச்சுடுங்க. ஓலை வேஞ்சுக்கினு இருந்துக்கலாம். மேல மேல ஏத்திக்கினே போனா அத்தினி கனத்த எது தாங்கும்?"

கரீமுல்லாவுக்கும் அந்த யோசனை இருந்தது. ஆனால் வஜீஹாவின் தங்கை குல்சும் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நடு அறையில்தான் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். "மழைக்காலத்துல புள்ளத்தாச்சிய ஓலைக்கடியில படுக்க வைக்கிறதா? அன்வர் பாஷா இன்னா சொல்லுவான்?" என்றார். அன்வர் பாஷா குல்சுமின் கணவன், தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். தளமே போடுவதென்று முடிவாயிற்று.

சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தளத்தை அடித்தார்கள். அடி விழும்போதெல்லாம் வீடு அதிர்ந்தது. கீழே குல்சும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். மஞ்சள் தூள் அவள் வயிற்றின்மேல் சன்னமாக இறங்கியது. வஜீஹா அதைத் தட்டித் தட்டி விட்டாள்.

முதல் மழையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. "பாத்தியா?" என்றார் கரீமுல்லா. வஜீஹா நடு அறைக் கதவைக் காட்டினாள். விரலால் தள்ளினாலே சாத்திக்கொள்ளும் கதவு பாதியில் நின்றது. மழை ஈரத்தில் ஊதிவிட்டது என்று இழைப்புளியை வாங்கி வந்து சீவினார். மறுநாள் மறுபடியும் பிடித்தது. இழைப்புளியோடு அண்ணாந்து பார்த்தபோதுதான் புரிந்தது. கதவு ஊதவில்லை. கதவின் நிலைச்சட்டத்தை மேலிருந்து ஏதோ அமுக்கிக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பிறகு பிடித்ததுதான் அந்த அடைமழை. அடையாறு கரையை உடைத்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். டிராம் ஓடவில்லை. அன்று காலை குல்சுமுக்கு வலி கண்டது. வஜீஹா யாரையும் கேட்கவில்லை. தங்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, எதிர்வீட்டு மருத்துவச்சி ஹாஜிரா பீயிடம் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது.

அன்வர் பாஷா நனைந்து ஓடி வந்தான். ஹாஜிரா பீயின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"உசரமாக் கட்டின மெத்தை வீடு காலியாக் கிடக்குது, பச்சப் புள்ளய இந்தத் தண்ணியில போட்டு வெச்சிருக்கீங்களே! வாங்க, கூட்டிக்கினு போலாம்."

"வேணாம்" என்றாள் வஜீஹா.

"ஏன்? அந்த வீட்டுக்கு இன்னா?"

எல்லோரும் கரீமுல்லாவைப் பார்த்தார்கள். கூரை நிற்காது என்று அப்போதும் அவர் வாயால் சொல்லவில்லை. "நான் போய்ப் பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் யாரும் வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

நடு அறையில் ஒரு சொட்டு ஈரமில்லை. மேலே உத்திரம் நிறைமாத வயிறுபோல் கீழிறங்கியிருந்தது. திரும்பிவிட நினைத்தவர் கண்ணில் கட்டில்மேல் மடித்து வைத்திருந்த குழந்தைத் துணிகள் பட்டன. அவற்றை எடுக்கக் குனிந்தார். பெரிய துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

தெருவில் நின்றவர்கள் கண்டது, கொட்டும் மழையிலும் வாசலுக்கு வெளியே புரண்டு வந்த வெள்ளைப் புழுதியைத்தான்.

உயிரோடுதான் எடுத்தார்கள். இடது தோள் நசுங்கியிருந்தது. அதன்பிறகு அந்தக் கை டிராமின் பிடியைச் சுற்றவில்லை. லஸ் முனையில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை கொடுத்தார்கள். தான் ஓட்டிய வண்டியை வேறொருவன் ஓட்டிப் போவதை அங்கே நின்று பார்த்தார்.

தை பிறந்ததும் இடிபாட்டை அள்ளினார்கள். ஓரத்து உத்திரம் இரண்டும் அப்படியே இருந்தன. கபாலி தலை குனிந்தபடி, "மரம் தங்கம் பாய். இந்த சண்டை காலத்துல தேடுனாலும் கெடைக்காது. இதையே ஏத்திக் கட்டிடலாம்" என்றான்.

கரீமுல்லா மனைவியைப் பார்த்தார். "நீ சொல்லு."

"பனங்கைச் சட்டம் வெச்சு நாட்டு ஓடு போடச் சொல்லுங்க. அது விழுந்தாலும் மண்டைதான் ஒடையும், உசிரு போவாது."

அந்த உத்திரங்களை அவள் விறகாக வெட்டச் சொன்னாள். கோடாலி இறங்கிய இடமெல்லாம் பொன் நிறம், ஒரு துளை இல்லை. மரக்கடைக்காரர்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள். "வேற யாரு தலைக்கு மேல போவப் போவுது இது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

பனி விலகும்வரை அடுப்பில் பர்மா தேக்கு எரிந்தது. கரீமுல்லா பக்கத்தில் உட்கார்ந்து தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சிராயையும் நெருப்பில் தள்ளும்முன் வஜீஹா காதருகே வைத்துக் கேட்பாள்.