தொட்டிக்கரிப் புகையும் என் மணிக்கட்டும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருடமாகத் தள்ளிப் போட்டேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தவள் நான். அது மட்டும் காரணமில்லை. எழுதினால் என் கொழுந்தனாரைப் பற்றியும் எழுத வேண்டும். அவரைக் குற்றம் சொல்கிற மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். என்னைப் போல எலும்பு நோவோடு இருக்கிற யாருக்காவது உதவட்டும் என்று, மாரியாத்தாளை நினைத்துக்கொண்டு இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீடு பொள்ளாச்சிக்குப் பக்கம், தென்னந்தோப்புக்குள். அடுத்த தோப்பில் என் கணவரின் தம்பி தேங்காய்த் தொட்டிகளை (சிரட்டைகளை) குழியில் போட்டுக் கரி சுடுகிறார். அந்தப் புகைக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தி, மேலே ஜமக்காளத்தையும் தொங்கவிட்டு, வருடக்கணக்கில் உள்ளேயே இருந்தேன். துணிகூட உள்ளேதான் காயும்.

நாலு வருடத்துக்கு முன் மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) கம்பம் நட்டார்கள். கோயில் முன்னால் நடும் அந்தக் கம்பத்துக்குப் பெண்கள் தினமும் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். மூன்றாம் நாள் காலை குடத்தைத் தூக்கிச் சாய்த்தேன். வலது மணிக்கட்டில் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். நான் விழவில்லை, எதிலும் இடிக்கவில்லை. குடம்தான் விழுந்தது.

சாமி குத்தம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கம்பம் நட்டபின் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டால் என்ன செய்வது? மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு, நோம்பி முடிந்து கம்பம் எடுக்கும்வரை இடது கையால் தண்ணீர் ஊற்றினேன். அது என் தப்பு. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. கோயமுத்தூரில் அறுத்துத் தகடு வைக்க வேண்டியதாயிற்று.

எலும்பின் அடர்த்தியை அளந்து பார்த்தார்கள். ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு உள்ளுக்குள் சல்லடை மாதிரி ஆகிவிடுவது) என்றார் டாக்டரம்மா.

“வெயில்ல நிக்கறதுண்டுங்களாம்மா?”

“புகைக்குப் பயந்து வெளியவே வர்றதில்லீங்க.”

அவர் பேனாவை வைத்துவிட்டுப் பேசினார். மாசடைந்த காற்று எலும்பைப் பலவீனப்படுத்தலாம் என்று இப்போது பேசுகிறார்களாம். மாதவிடாய் நின்ற வயதில் பலருக்கும் இது வருமாம். வெயில் படாததால் எனக்கு வைட்டமின் டி (எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து சேர உதவும் சத்து) ரொம்பவும் குறைந்திருந்தது.

“அப்ப எதுனாலங்க ஒடஞ்சுது?”

“புகையாவும் இருக்கலாம். அதுக்குப் பயந்து அடஞ்சு கெடந்ததாவும் இருக்கலாம். இதுதான்னு என்னால சொல்ல முடியாதுங்கம்மா.”

இதைப் பக்கத்து வீட்டில் ஒருத்தரிடம் மட்டும் சொன்னேன். பத்து நாளில் ஊரே பேசியது: கொழுந்தன் சுடுகிற கரிதான் அண்ணியின் எலும்பைப் பொடியாக்கிவிட்டதாம். நாலு பேர் குழிக்கே போய் அவரிடம் சத்தம் போட்டிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் கொழுந்தனார் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“ஏனுங்க அண்ணி, நீங்களா அப்படிச் சொன்னீங்க?”

“இருக்கலாம்னு டாக்டர் சொன்னதைத்தான் தம்பி சொன்னேன்.”

“அந்த ‘இருக்கலாம்’ மட்டும் என் குழி வரைக்கும் வரலீங்களே.”

ஒரு வருடம் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

மாத்திரை வாரம் ஒன்று. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். தினமும் வெயிலில் உட்கார வேண்டும். வெயில் இருக்கும் இடத்தில்தான் புகையும் இருக்கிறது. எதற்குப் பயப்படுவது என்றே தெரியவில்லை. ஜமக்காளத்தைக் கழற்றுவேன், திரும்ப மாட்டுவேன்.

ஒருநாள் வெயிலில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

“அண்ணி, குழி பத்த வெக்கப்போறேனுங்க. வெயில் காஞ்சது போதும், உள்ள போயிருங்க.”

அதோடு போனை வைத்துவிட்டார் கொழுந்தனார். அன்றிலிருந்து பற்ற வைக்கும்முன் கூப்பிடுகிறார். குழியை மூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூடச் சொல்லாமல் இருப்பது சரியா என்றும் தெரியவில்லை. ஆத்தாளிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

முன்பெல்லாம் பால்காரர் வண்டிதான் எனக்குக் கடிகாரம். இப்போது காற்று எந்தப் பக்கம், வெயில் கை மேல் எவ்வளவு நேரம் என்றுதான் பொழுது போகிறது. போன நோம்பிக்குச் சின்னச் சொம்பில், இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் ஊற்றினேன்.

எலும்பு ஒடிந்தால் எந்த நோம்பிக்காகவும் காத்திருக்காதீர்கள். இதை வேண்டியவர்களுக்குக் கொடுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி கொடுங்கள். டாக்டரம்மா சொன்ன ‘இருக்கலாம்’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது வழியில் விழுந்துபோனதால் ஒரு வருடம் எங்கள் வீட்டுப் பந்தியில் ஓர் இலை குறைந்தது.