தண்டவாளம் முடிகிற இடம்

எனக்கு ஏழு வயதானபோது அப்பா ரங்கூனுக்குக் கப்பலேறுவதாக இருந்தார். ஆம்பூரில் தோல் மண்டிகளில் வேலை குறைந்துபோயிருந்த சமயம். ரங்கூன் அரிசி ஆலைக்கு ஆள் சேர்த்த மேஸ்திரி ஒருவர், "சென்ட்ரல் வாசல்ல பன்னெண்டு அடிக்கிறதுக்குள்ள வந்து நிக்கணும். இல்லன்னா வுட்டுட்டுப் போய்டுவேன்" என்று சொல்லியிருந்தார். வழியனுப்ப அம்மாவும் நானும் கூடப் போனோம்.

வழியெல்லாம் அப்பா உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தார். அவருடைய அப்பா காலத்தில் வண்டி ராயபுரத்துக்குத்தான் போகுமாம். சென்ட்ரல் பிறகு கட்டியதாம், மணிக்கூண்டு அதற்கும் பிறகாம். அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

சென்ட்ரலில் இறங்கினோம். அவ்வளவு உயரமான கூரையை நான் கண்டதில்லை. புகை வெளியே போக வழி தெரியாமல் அதற்கடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. தகரப்பெட்டியை எடுக்க அப்பா மறுபடி வண்டிக்குள் ஏறினார். அந்த நேரம் பார்த்து எங்கேயோ விசில் ஊதியது. எங்கள் ஊரில் விசில் ஊதினால் வண்டி கிளம்பிவிடும். அப்பா எங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விடப் போகிறார் என்று பதறி, அம்மாவின் கையை உதறிவிட்டு இஞ்சின் பக்கம் ஓடினேன். கூட்டம் என்னை விழுங்கிக்கொண்டது.

இஞ்சினுக்குக் கீழே கரி பூசிய முகத்தோடு ஒருவர் நின்றிருந்தார். கரி அள்ளிப் போடுகிறவர். "வண்டிய நிறுத்துங்க, எங்கப்பா உள்ள இருக்காரு" என்று அழுதேன்.

அவர் என்னைத் தூக்கி இஞ்சினுக்கு முன்னால் காட்டினார். தண்டவாளம் இரண்டு பெரிய இரும்புத் தட்டுகளில் முட்டி நின்றிருந்தது. "பாத்தியா? இதோட முடிஞ்சிப்போச்சி. இன்னா கத்தினாலும் இதுக்கு மேல வண்டி போவாது."

என் உயிர் திரும்பி வந்தது. மூட்டை தள்ளும் வண்டி ஒன்றில் என்னை உட்காரவைத்து, "நவுராத. உன்னத் தேடிக்கினு வருவாங்க" என்றார். அப்பா எங்கும் போகப்போவதில்லை என்று தெரிந்துவிட்டதால், நானும் நிம்மதியாகக் காலை ஆட்டிக்கொண்டு இஞ்சினைப் பார்த்திருந்தேன்.

சிறிது நேரத்தில் அம்மா வந்தாள். கூட்டத்துக்கு நடுவே நின்று நேராக என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவரையும் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

மணிக்கூண்டில் பன்னிரண்டு அடித்தது. அதற்கும் வெகுநேரம் கழித்து, வியர்த்துக் கொட்ட அப்பா வந்து என்னை அள்ளிக்கொண்டார்.

"இங்கயா இருந்த? உங்கம்மா, 'இஞ்சின் பக்கம் பாத்துட்டேன், அங்க இல்ல'ன்னாளே" என்றார். பின்னாலேயே வந்த அம்மா, "கூட்டத்துல கண்ணுக்கு ஆப்டல" என்றாள்.

வாசலுக்கு ஓடினோம். மேஸ்திரியும் இல்லை, அவருடைய ஆட்களும் இல்லை. அப்பா பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். என்னால்தான் எல்லாம் கெட்டது, வீட்டுக்குப் போனதும் அடி நிச்சயம் என்று நான் ஒடுங்கி நின்றேன்.

அடி விழவில்லை. திரும்பும் வண்டியில் அம்மா எனக்குச் சன்னலோரம் இடம் கொடுத்தாள். அரக்கோணத்தில் வடை வாங்கித் தரச்சொல்லி, அப்பாவின் கையிலும் ஒன்றைத் திணித்தாள். காட்பாடி தாண்டியதும் அவர் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கினாள். பல நாள் தூங்காதவள் தூங்குவதைப் போலிருந்தது. கொஞ்ச நாளிலேயே மண்டியில் அப்பாவை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு மட்டும் பார்வை மங்கிவிட்டது என்று எனக்குக் கவலை. அவள் துணி தைக்க உட்காரும்போதெல்லாம் ஓடிப்போய் ஊசியை வாங்கி, நானே நூல் கோத்துக் கொடுப்பேன். அம்மா வாங்கிக்கொள்வாள்.