பட்டாளத்துத் தையல் மெஷின்

எண்பத்தெட்டாம் வருஷம் தீபாவளிக்குக் கொஞ்சம் முந்தி, ராஜபாளையத்தில் நடந்தது இது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கொடியில் யார் சேலை எந்தப் பக்கம் காய்வது என்ற தகராறில் நானும் மாமியாரும் பேச்சை நிறுத்தியிருந்தோம். உப்பு தீர்ந்தால்கூட என் கணவர் வழியாகத்தான் சேதி போகும். மில்லில் ஃபிட்டரான அவர், வேலைக்குப் போவதே நிம்மதி என்பார்.

அந்த நேரத்தில்தான் மதுரையில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் கடையிலிருந்து எனக்கென்று ஒரு தையல் மெஷின் வாங்கி வந்தார். தீபாவளிக்கு ஜாக்கெட் தைத்துத் தருகிறேன் என்று நானும் தெருவில் நாலைந்து பேரிடம் துணி வாங்கிவிட்டேன்.

பெட்டியைத் திறந்தால் மெஷினைக் காணோம். மெழுகுத்தாளுக்குள் பழுப்பாக ஒரு கிரீஸ் கட்டி இருந்தது. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியதாம். துணியால் துடைத்தால் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னாராம். துடைத்தோம். அவர் பழைய வேட்டி போனது, என் கிழிந்த சேலை போனது, கிரீஸ் மட்டும் போகவில்லை. கதவுத் தாழ்ப்பாள், காபி டம்ளர், அவர் மீசை என்று எல்லா இடத்திலும் ஏறிக்கொண்டது.

மறுநாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. மெஷினைக் கொல்லையில் குளியலறை ஓலைத் தட்டிக்குப் பக்கத்தில் வைத்து, இருந்த சீமெண்ணெய் முழுவதையும் ஊற்றினார். கொளுத்தினால் கிரீஸ் உருகி ஓடிவிடுமாம். நல்லவேளை, கை வழுவழுப்பில் அவரால் தீக்குச்சியைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக நழுவிக் கீழே விழுந்தது. கடைசியில் தீப்பெட்டியை என் பக்கம் நீட்டினார்.

அடுப்படி வாசலிலிருந்து மாமியார் குரல் வந்தது. “ஏட்டி, அதை வாங்கி மடியில வையி. இவன்கிட்ட திரும்பக் குடுத்திராத. வீட்டையே கொளுத்திருவான்.”

“வாங்கிட்டேன் அத்தை” என்றேன்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்புறம் சீமெண்ணெய் வாடை போகக் கழுவிவிட்டு, அத்தை வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்ற ஊற்ற நான் தேங்காய் நாரால் தேய்த்தேன். இளகிய கிரீஸில் மெஷின் மீன் மாதிரி நழுவி என் மடியில் வந்து உட்கார்ந்தது. தூக்க வந்த அத்தையும் வழுக்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை ஊன்றினால் கை வழுக்கியது. “செத்த நேரம் இப்படியே இருப்போம்” என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ஈரம் போகக் காயவைத்து எண்ணெய் விட்டதும் மெஷின் ஓடியது. முதல் ஜாக்கெட் அத்தைக்குத்தான். முதுகில் பழுப்பாக ஒரு திட்டு விழுந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கு வந்தார். யாரோ கறையைக் காட்டியதற்கு, “எம் மருமக தச்சது” என்று மட்டும் சொல்லி நடந்தார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் சமாதானம் பேசப் போவதில்லை. இருவரும் சேர்ந்து செய்தாக வேண்டிய அழுக்கு வேலை ஏதாவது இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன்.