கிழக்குப் பார்த்து நின்ற கார்

அழகுமலை கோபக்காரர் என்று இராயப்பன்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாய்க்கால் முறைத் தண்ணீருக்காக மண்வெட்டியும் கையுமாக மடையில் நின்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்களை விரட்டியவர். உரம் பற்றிப் பேச வந்த அதிகாரியை, "நீங்க என்னைக்காச்சும் ஒரு கொடி நட்டுருக்கீகளா?" என்று கேட்டு ஜீப் ஏற வைத்தவர். அப்படிப்பட்ட மனிதர் உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் பயந்தார். அவனோ யாரையும் பயமுறுத்தத் தெரியாதவன். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன். மருமகன் திலீபன்.

பயத்துக்குக் காரணம் உண்டு. மகள் ஜோதிகா கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். என்ன சண்டை என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மழை போய், வெயில் போய், அடுத்த மழை வருகிறவரை பெட்டி கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. புரட்டாசியில் திலீபன் தானாகவே வந்து கூட்டிப் போனான். ஐப்பசியில் இருவரும் ஒரு புதுக் காரில் வந்தார்கள். "முதல் பூசை உங்க தோட்டத்துலதான் மாமா" என்றான். அழகுமலையின் கண்ணுக்கு அது கார் இல்லை, சமாதான ஒப்பந்தம். அதன் மேல் ஒரு கீறல்கூட விழக்கூடாது.

தோட்டத்தில் அப்போது பன்னீர் திராட்சை பந்தல் முழுக்கக் கறுத்துத் தொங்கியது. முந்தைய இரண்டு வெள்ளாமையும் பூப்பிடிப்பிலேயே போய்விட்டதால், இந்தப் பழம்தான் தோட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். உத்தமபாளையத்து வியாபாரி ராஜமணி சனிக்கிழமை காலை வெட்டு ஆட்களோடு லாரி கொண்டுவருவதாகப் பேச்சு. மேற்கே மலையில் மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது. பழுத்த திராட்சையின் மேல் ஒரு நல்ல மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும். வெடித்த பழத்துக்கு வியாபாரி வரமாட்டார், குளவிதான் வரும். சனிக்கிழமை வெட்டிவிட்டால் பிழைத்தது என்று அழகுமலை ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கருப்பசாமிக்குக் கிடா வெட்டிக் காருக்குப் பூசை போட்டார்கள். பூசை போட்ட வண்டி ஓர் இரவு சாமி முன்னால் கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும் என்று திலீபனின் மாமியார் சுருளியம்மாள் சொல்லிவிட்டார். இந்த வழக்கம் எந்தத் தலைமுறையில் தொடங்கியது என்று ஆராய்ந்தால், அநேகமாக அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமைதான் தொடங்கியிருக்கும். சாமிக்கு முன்னால் உள்ள களத்தில் அடுப்பும் அண்டாவுமாகக் கிடந்ததால், காரைக் களத்துக்கு வெளியே வண்டிப்பாதையிலேயே நிறுத்தினார்கள். பாதையோ வடக்குத் தெற்காகப் போகிறது. கிழக்குப் பார்த்து நின்ற கார் அதைக் குறுக்கே அடைத்துக்கொண்டது. பின்னால் வாய்க்கால். ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். விடிந்ததும் எடுத்துவிடலாமே என்று யாரும் கவலைப்படவில்லை.

கவலைப்பட்டிருக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. பூசை போட்ட ராத்திரி வீட்டுக் கதவைச் சாமி வந்து போகத் திறந்து வைப்பது அந்தக் குடும்பத்தில் உண்டு. காருக்கும் கதவு இருக்கிறதே! சுருளியம்மாள் நான்கு கதவையும் லேசாகத் திறந்து வைத்துவிட்டுப் படுக்கப் போனார். கருப்பசாமி உட்கார்ந்து பார்த்தாரோ இல்லையோ, உள்விளக்குகள் விடிய விடிய எரிந்து பேட்டரியைக் குடித்துத் தீர்த்தன.

காலையில் திலீபன் சாவியை அமுக்கினான். காரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"சரி, நியூட்ரல் போட்டுக் களத்துக்குள்ள தள்ளிருவோம்" என்றார் அழகுமலை. தள்ளினார்கள். பின்சக்கரம் அசையவில்லை.

"கை பிரேக்கு போட்டுருக்கு போல. எங்கன இருக்கு மாப்ள?"

"கை பிரேக்கெல்லாம் இப்ப கிடையாது மாமா. பட்டன்தான்."

"அப்ப பட்டனை அமுக்குங்க."

"அமுக்கினா கரண்ட் இருந்தாத்தான் விடும்."

"கரண்ட் இல்லாமப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுல்ல?"

"பிடிச்சது நேத்து மாமா. கரண்ட் இருக்கும்போது."

அழகுமலை சற்று யோசித்தார். பிடிக்கக் கரண்ட் வேண்டும், பிடித்துக்கொண்டே இருக்க ஒன்றும் வேண்டாம், விடுவதற்கு மறுபடி கரண்ட் வேண்டும். மனிதர்களில் அப்படிப் பலரை அவர் பார்த்திருக்கிறார். இயந்திரத்தில் இதுதான் முதல்.

"கருப்பன் உள்ள உக்காந்துருக்காரு. அதான் நகர மாட்டேங்குது" என்றார் சுருளியம்மாள் பரவசத்தோடு.

"வர வேண்டிய லாரிக்கு வழி விடச் சொல்லு உன் கருப்பனை" என்றார் அழகுமலை.

லாரி அப்போதே வந்து பாதை முனையில் நின்றுவிட்டது. ராஜமணி நடந்து வந்து காரை முன்னும் பின்னும் பார்த்தார். "ஏண்ணே, லாரிக்கு றெக்கை கட்டிக் கொண்டாரச் சொல்லிருந்தா கட்டியே கொண்டாந்துருப்பேன்ல?"

இந்தக் கேலியைத் தாங்க முடியாமல்தான் அழகுமலை அவசரப்பட்டார். மோட்டார் ரூமில் கிடந்த பழைய பம்புசெட் வயரை வெட்டி, டிராக்டர் பேட்டரியிலிருந்து கார் பேட்டரிக்கு இழுத்தார். வயர் இரண்டும் ஒரே கறுப்பு. திலீபன், "ஒரு நிமிஷம் மாமா, எது எதுல" என்று தொடங்குவதற்குள் டப்பென்று பொறி தெறித்தது. ஏதோ கருகிய வாடை வந்தது. பிளஸ்ஸும் மைனஸும் மாறிவிட்டன. பேட்டரியில் உயிர் இல்லை என்பது போய், பியூஸ் வெடித்து, இனி உயிர் கொடுத்தாலும் வாங்காது என்றாகிவிட்டது.

திலீபன் திட்டவில்லை. "பரவால்ல மாமா" என்றான். திட்டியிருந்தால் அழகுமலை கொஞ்சம் தப்பித்திருப்பார். மன்னிக்கப்பட்டவருக்கு அதற்குப் பிறகு அந்தக் காரைப் பற்றிப் பேச வாயில்லாமல் போய்விட்டது.

வெட்டு ஆட்கள், "பின்பக்கத்தத் தூக்கி நகத்திருவோமா?" என்று கேட்டார்கள். பிடிக்கிற இடமெல்லாம் பிளாஸ்டிக், உடைந்துவிடும் என்றான் திலீபன். டிராக்டரில் சங்கிலி கட்டிக் களத்துக்குள் இழுக்கலாமா என்றார் ராஜமணி. சக்கரம் பூட்டிக் கிடக்கும்போது இழுத்தால் பிரேக் போய்விடும், வாரண்டியும் போய்விடும் என்றான். கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பெண் குரல் மிகுந்த பிரியத்துடன் பேசி, மதுரையிலிருந்து வண்டி வரும் என்றது. எப்போது வரும் என்று கேட்டதும் பாட்டுப் போட்டுவிட்டது.

பந்தலிலிருந்து லாரி வரை தலைச்சுமையாக எடுக்கலாமென்றால் ஆட்கள் மறுத்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் குலுங்கினால் பன்னீர் பழம் காம்பை விட்டு உதிர்ந்துவிடும், உதிர்ந்ததை யார் வாங்குவது? ராஜமணி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நான் ஆனைமலையன்பட்டித் தோட்டத்துல போய் வெட்டுறேண்ணே. லாரில பாதி இடம் உங்களுக்கு வச்சிருக்கேன். பாதை தெறந்துச்சுன்னா மூணு மணிக்குள்ள ஒரு போனைப் போடுங்க. அதுக்கு மேல நின்னா குமுளி மலை ஏற முடியாது. மேல பாருங்க, எப்படி இருட்டிக்கிட்டு வருதுன்னு."

அழகுமலை மேலே பார்க்கவில்லை. காலையிலிருந்தே மேற்கு மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார்.

சின்னமனூரிலிருந்து மெக்கானிக் வினோத்ராஜ் பைக்கில் வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. வந்ததும் காரைச் சுற்றிவந்து, "சூப்பர் வண்டிண்ணே! இதை இப்பத்தான் நேர்ல பாக்குறேன்" என்றார். இது நம்பிக்கை தருகிற பேச்சு இல்லை. அப்புறம் யூடியூபில் வழி இருக்கிறது என்றார். பாதையில் பேசத்தான் சிக்னல் உண்டு, வீடியோ ஓடாது. மோட்டார் ரூம் மாடியில் ஏறி, மலையாளத்தில் ஒருவர் பேசும் வீடியோவைப் பார்த்துவிட்டு இறங்கி வருவார். பாதி மறந்துபோய் மறுபடி ஏறுவார்.

ஆனாலும் வேலை நடந்தது. முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக்கைப் பிடித்திருந்த இரும்பின் முதுகில் கைப்பிடி அளவுக்கு ஒரு சின்ன மோட்டார். அதன் வயரை உருவி, இரண்டு போல்ட்டைக் கழற்றி எடுத்ததும், நட்சத்திர வடிவில் ஒரு முனை தெரிந்தது. அதற்கேற்ற சாவியைப் போட்டு எதிர்ப்பக்கமாகத் திருப்பத் திருப்பப் பிடி தளர்ந்தது. சக்கரத்தட்டு கையால் தள்ளியதற்கே சுற்றியது.

"அவ்வளவுதானா?" என்றார் அழகுமலை. குரலில் மகிழ்ச்சியைவிட ஆத்திரம்தான் அதிகம் இருந்தது. இத்தனை சின்ன விஷயமா இத்தனை பழத்தை நிறுத்தி வைத்திருக்கிறது?

"அவ்வளவுதாண்ணே. அந்தப் பக்கமும் இதேதான்."

அந்தப் பக்கம் இதே இல்லை. போல்ட்டின் தலை வழுக்கிவிட்டது. வினோத்ராஜ் எண்ணெய் விட்டார், தட்டினார், மறுபடி மாடிக்குப் போனார். மலையாளத்துக்காரருக்குப் போல்ட் வழுக்கவே இல்லை என்பதால் அவரிடம் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்து பந்தலை ஒருமுறை உலுக்கியது. மூன்று மணிக்குக் கொஞ்சம்தான் இருந்தது.

அழகுமலை போய் டிராக்டரிலிருந்து சங்கிலியை எடுத்து வந்தார். எடுத்து வந்தாரே தவிர, கட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஜோதிகா பக்கத்தில் வந்து நின்றாள். "இழுத்துருங்கப்பா" என்றாள் மெதுவாக.

"அவுக என்ன நினைப்பாக?"

"என்ன வேணாலும் நினைக்கட்டும். நான் பாத்துக்கிறேன். மழை வரப் போகுதுப்பா, இழுங்க."

அவர் மகளைப் பார்த்தார். அப்புறம் மருமகனைப் பார்த்தார். திலீபன் மண்ணில் மண்டியிட்டு, வினோத்ராஜுக்கு போன் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். நிமிர்ந்து சங்கிலியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இன்னும் பத்தே நிமிஷம் மாமா. வந்துரும்."

"அவசரமில்ல மாப்ள. பைய்யப் பாருங்க" என்றார் மடையில் நின்று ஊரை விரட்டிய அழகுமலை.

முதல் துளி காரின் மேல்தான் விழுந்தது. பிறகு எல்லா இடத்திலும் விழுந்தது. சுருளியம்மாள் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, பழத்துக்கா காருக்கா என்று தெரியாமல் நடுவில் நின்றார். அது இரண்டுக்கும் போதாது. வினோத்ராஜ் கொட்டுகிற மழையில் குறட்டால் போல்ட்டைக் கவ்வித் திருகித் திருகி, ஒருவழியாக அந்தப் பக்கத்தையும் விடுவித்தார். சக்கரங்களை மாட்டியதும் எல்லோரும் தோள் கொடுத்தார்கள். பாரமே இல்லாததுபோல் கார் உருண்டு களத்துக்குள் போய் நின்றது.

பாதை திறந்துவிட்டது. அழகுமலை ராஜமணிக்குப் போன் போட்டார்.

"பாதை தெறந்துருச்சு ராஜமணி."

"அண்ணே, நான் கூடலூர் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சிட்டேன். அங்கன மழையா?"

"லேசா."

"சத்தம் இங்க வரைக்கும் கேக்குதுண்ணே" என்றார் ராஜமணி.

திலீபன் துண்டால் காரைத் துடைத்தபடி சுற்றிவந்து பார்த்தான். "ஒரு கீறல்கூட இல்ல மாமா. நீங்க பொறுமையா இருந்ததாலதான்." மனதாரத்தான் சொன்னான். அழகுமலை தலையை ஆட்டினார். ஜோதிகா இருவரையும் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பியூஸ் போட்டு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, பிரேக் மோட்டார்களையும் மாட்டிக்கொண்டு அவர்கள் கிளம்பிப் போனார்கள். திங்கட்கிழமை நல்ல வெயில். பந்தலுக்கடியில் கொத்துக்கொத்தாகப் பழம் வெடித்து, சாறு வடிந்து, குளவிகள் இரைந்தன. விட்டுவைத்தால் அழுகல் கொடியில் ஏறும் என்று அழகுமலையும் சுருளியம்மாளும் ஆளுக்கொரு கத்தரியோடு வெட்டித் தரையில் போட்டுக்கொண்டே போனார்கள். இரண்டு வரிசை முடித்திருந்தபோது ஜோதிகா போன் செய்தாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"சும்மாதான் இருக்கேன் ஆத்தா."

"பழம் என்னாச்சு?"

சுருளியம்மாள் கத்தரியை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"ராஜமணி வேற லாரி அனுப்பினாரு. எல்லாம் ஏத்தி விட்டாச்சு" என்றார் அழகுமலை. "மாப்ள எப்படி இருக்காக? நல்லாப் பேசுறாகளா?"

"நல்லாப் பேசுறாகப்பா."

"அது போதும்" என்று போனை வைத்துவிட்டு, அடுத்த கொத்தை வெட்டிப் போட்டார்.